குண்டனா, கீச்சானா?

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே மூன்று பேரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. எனக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. அறிவியல் நன்றாக எழுதினேன், கணக்கைப் பற்றிக் கேட்காதே. போன் செய்தால் நீ "காபிக் கடைல கூட்டமா இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். இது நீளமான விஷயம். அதனால்தான் கடிதம்.

அடுத்த மாதம் வரும் பத்து நாள் லீவுக்கு இங்கே வராமல் தோழி வீட்டில் தங்கப்போவதாகச் சொன்னாயாமே. அம்மா அதைச் சாப்பிடும்போது சொன்னாள். அப்பா பாதிச் சாப்பாட்டில் கை கழுவிக்கொண்டு லேத் பட்டறைக்குக் கிளம்பிவிட்டார். இரண்டு நாள் கழித்து, வாடகை வண்டியில் இரண்டு காபி அரைக்கும் மெஷின்களோடு வந்து இறங்கினார். மூடிப்போன காபிக் கடைகளின் சாமான்களை வாங்கி விற்கிறவர் அப்பாவுக்குப் பழக்கமாம். இந்த மாதக் கடைசிவரை இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தர வேண்டும். நாங்கள் மூவரும் டீ குடிக்கிறவர்கள். "காபி குடிக்கிறவ ஊர்லயே இல்ல, மெஷின் மட்டும் ரெண்டா?" என்று அம்மா கேட்டாள். அப்பா "சும்மா பாக்கலாம்னுதான்" என்றார்.

பெரியதற்கு அம்மா குண்டன் என்று பெயர் வைத்தாள், சின்னதற்குக் கீச்சான். குண்டன் அசல் கடை மெஷின். தலையில் கொட்டை போடும் கூம்போடு நிறுத்தினால் சமையலறை அலமாரி இடிக்கிறது. அப்பா அலமாரியின் அடிப்பலகையை அறுத்துவிடலாம் என்றார். அம்மா பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அங்கேயே நின்றது. குண்டனுக்குள் பல் வெட்டிய இரண்டு தட்டையான எஃகுத் தட்டுகள். ஐந்தே நொடியில் அரைத்துவிடுகிறான், சத்தமும் கனத்த குரலில் உறுமுவதுபோலத்தான். கீச்சானுக்குள் கூம்புபோல ஒரு பல். அரைக்க அரை நிமிடம் ஆகிறது. அவன் போடும் கூச்சலில் மாடி வீட்டுத் தையல்காரம்மா இறங்கி வந்து, "யாருக்குப் பல்லு புடுங்குறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அம்மா வேலை பார்க்கும் மருந்துக்கடையிலிருந்து சின்னத் தராசு ஒன்று கொண்டுவந்தாள். பதினெட்டு கிராம் கொட்டை போட்டால் கீச்சான் ஏறக்குறைய எல்லாவற்றையும் தந்துவிடுகிறான். குண்டன் பதினாலுதான் தருகிறான். மீதி நாலு கிராம் உள்ளேயே தங்கி, மறுநாள் பழைய பொடியாக முதலில் வருகிறது. கடையில் நிமிடத்துக்கு ஒரு தடவை அரைப்பார்கள், அங்கே அது ஒரு குறையே இல்லை. வீட்டில் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்றால் குறைதான். இதை நானே கண்டுபிடித்தேன். உனக்கு முன்பே தெரிந்திருக்கும்.

அப்பாவோ நாக்கை நம்பவில்லை. பொடியைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு குண்டனைக் கழற்றி, தட்டுகளின் கனத்தை மைக்ரோமீட்டரால் அளந்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டு, மறுபடி மாட்டுவதற்கு முன்னால், பட்டறையில் எல்லா மெஷினுக்கும் செய்வதுபோலத் தட்டுகளுக்கு எண்ணெய் விட்டுவிட்டார்.

எங்களுக்குத் தெரியாது. நீ இங்கே விட்டுப்போன காபி போடும் மெஷினைத் துணி விலக்கி எடுத்து, அதன் பெட்டியில் நீ எழுதி வைத்திருந்த குறிப்பைப் பார்த்து நான்தான் காபி போட்டேன். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "தையல் மெஷின கரைச்சுக் குடிச்ச மாதிரி இருக்கு" என்றாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்பா சிரிக்கவில்லை. குண்டனைத் திரும்பக் கழற்றி, சமையலறைத் தரையில் உட்கார்ந்து, பிரஷ்ஷால் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தார். நான் விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தேன். நடுவில், யாரையும் பார்க்காமல், "தெரியாத தொழில்ல கை வெச்சா இப்படித்தான். அவ இருந்திருந்தா முதல்லயே தடுத்திருப்பா. அது அவ தொழில்" என்றார்.

அக்கா, தொழில் என்றுதான் சொன்னார், இரண்டு தடவை. போன வருடம் இதே சமையலறையில் "டம்ளர் கழுவுறதெல்லாம் ஒரு தொழிலா?" என்று கேட்டவர் அவர்தான். அதற்கு அடுத்த வாரம் நீ கிளம்பிப் போனாய். அது உனக்கு மறந்திருக்காது. எனக்கும் மறக்கவில்லை. அதனால்தான் இதையும் அப்படியே எழுதுகிறேன்.

இரண்டு பை பழைய கொட்டையை அரைத்துக் கொட்டிய பிறகு எண்ணெய் வாசனை போய்விட்டது. இப்போது குண்டனில் அரைத்தால் காபியில் பழம்போல ஒரு புளிப்பு வருகிறது. கீச்சானில் அரைத்தால் கெட்டியாக, கசப்பாக இருக்கிறது. எது நல்ல காபி என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. குடித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம். அப்பா உன்னைக் கேட்டு எழுதச் சொன்னார். தான் சொன்னதாக எழுத வேண்டாம் என்றும் சொன்னார்.

வருகிற சனிக்கிழமை வியாபாரி வந்து ஒன்றை எடுத்துப் போய்விடுவார். அதற்குள் பதில் எழுது. தோழி வீட்டுக்கு இன்னொரு லீவில் போகலாம் இல்லையா? உடம்பைப் பார்த்துக்கொள். அம்மா உன்னை வேளைக்குச் சாப்பிடச் சொன்னாள்.

அன்புடன்,
உன் தங்கை

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும்போது அப்பா வாங்கி வைத்துக்கொண்டார். வெகுநேரம் கழித்துத் தந்தார். கீழே இருப்பது அவர் கையெழுத்து.

மெஷின் விஷயம் அவசரமில்லை. இரண்டும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். எந்த வண்டி, எத்தனை மணி என்று மட்டும் எழுது. ஸ்டேஷனில் நிற்கிறேன்.
அப்பா