கொண்டைக்குள் வைத்த முட்டை

என் கூடப் பிறந்த மாதக்காவுக்கு,

நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. உன் கம்பெனியில், நீ நின்று வேலை பார்த்த அதே லைனிலேயே எனக்கு வேலை போட்டுக் கொடுத்தார்கள். நீ ஏறிய அதே ஐந்து மணி பஸ்ஸில்தான் போகிறேன். ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை அக்கா. உன்னிடம் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

எனக்கும் சர்க்கரை வந்துவிட்டது.

வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கிற நர்சம்மா, உன்னிடம் கேட்டதையே என்னிடமும் கேட்டார். "சாப்ட்டுத்தானே போட்டுக்கினு போற?" "ஆமாங்க" என்றேன். நீ சொன்ன அதே பொய். மாத்திரை சும்மா வருகிறது. ரேஷனில் அரிசி சும்மா வருகிறது. சோற்றுக்கு மேலே ஊற்றத்தான் ஒன்றும் வருவதில்லை. கெலவரப்பள்ளி அணைத் தண்ணீரில் விளைகிற கீரையும் தக்காளியும் நம் தெருவைத் தாண்டித்தான் பெங்களூருக்குப் போகின்றன. பார்த்துக்கொண்டு நிற்கலாம்.

உன் மகள் அனிதாவுக்குப் பத்தாவது வரைக்கும் பள்ளிக்கூடத்தில் மதியம் முட்டை போட்டார்கள். பதினொன்றாவது போனதும் நின்றுவிட்டது. அன்றிலிருந்துதான், கேன்டீனில் காலையில் உனக்கு வைத்த முட்டையைக் கொண்டைக்குள் செருகி, மேலே தொப்பியைப் போட்டு வெளியே கொண்டு வந்தாய். இட்லி கோட்டுப் பையில். கேட்டில் சோதனை போடும் மஞ்சுளா, "ஏனு மாதக்கா, இன்னிக்குக் கொண்டை பெருசா இருக்குது? பூ வச்சா நிக்குமா?" என்று சிரித்துக்கொண்டே விட்டுவிடுவாள். அந்த இட்லியில் நானும் தின்றேன். அப்போது எனக்கு வேலை இல்லை. நீ தின்றாயா என்று ஒரு நாளாவது கேட்டேனா?

கை நடுங்குது, வேர்த்துக் கொட்டுது என்று நீ சொன்னபோது, சர்க்கரை ஏறியிருக்கும், சோற்றைக் குறை என்று சொன்னதும் நான்தான். மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு இருந்தால் சர்க்கரை இறங்கி ஆளையே சாய்த்துவிடும் என்று, லைனில் விழுந்த உன்னை ஆஸ்பத்திரியில் கிடத்திய பிறகுதான் டாக்டர் சொன்னார். இறங்கினால் நல்லது என்றுதானே நாம் இருந்தோம்?

நேற்று நானும் முட்டையை உள்ளே வைத்துக் கொண்டை போட்டேன். மஞ்சுளா சிரிக்கவில்லை. தொப்பியைத் தொட்டுப் பார்த்தாள். "போதும் முனி. உங்கக்கா மாதிரி கொண்டை போட்டுக்கினு வராத" என்று சொல்லி வெளியே விட்டாள்.

வீட்டில் அனிதா முட்டையைக் கையில் வாங்கவில்லை.

"சின்னம்மா, நீ தின்னியா?"

"தின்னேன்டி. ரெண்டு போட்டாங்க."

"அம்மாவும் தெனம் ரெண்டு போட்டாங்கன்னுதான் சொல்லுச்சு. கைய நீட்டு."

நீட்டினேன். நடுங்கியது. முட்டையை உரித்து என் வாயில் வைத்தாள். விழுங்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை.

அவளுக்கு முட்டை எங்கிருந்து வரும் என்று தெரியவில்லை அக்கா. திங்கட்கிழமை லீவு போட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். பதினொன்றாவது பிள்ளைக்குப் பசிக்காதா என்று கேட்கப் போகிறேன். பதில் வராவிட்டால் மறுபடியும் போவேன். லைனில் மாத்திரை போடுகிற பெண்களிடம் எல்லாம் உனக்கு நடந்ததைச் சொல்வேன்.

நாளையிலிருந்து கேன்டீனில் உட்கார்ந்து என் தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். இது அனிதா மேல் சத்தியம். இதை எழுதும்போதே அவள் பின்னால் உட்கார்ந்து எனக்குச் சடை பின்னுகிறாள். இறுக்கிப் பின்னுகிறாள், ஒரு கடலை கூட ஒளிக்க முடியாதபடி.

உன் தங்கை,
அனிதாவுக்கு இனி பொய் சொல்லாத சின்னம்மா,
முனியம்மா