மஞ்சள் பட்ட சீட்டு

உங்கள் தோல் பையை இன்றைக்குத்தான் திறந்தேன். அந்துருண்டை வாசம் குப்பென்று அடித்தது. உள்ளறையில் ஒரு பழைய உறை. எனக்குத் தெரியாமல் எதையாவது ஒளித்து வைப்பீர்கள் என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டுதானே இருந்தேன்! பிரித்தேன். நாலாகக் கிழித்த தினசரி காலண்டர் தாள்.

நீங்கள் நடத்திய அரசியல் பாடம் கல்லூரியோடு முடிந்ததா? டிவி வாங்கலாமா, திருச்செந்தூர் போகலாமா என்பதற்கெல்லாம் ஓட்டுப் போட்ட குடும்பம் ராஜபாளையத்திலேயே நம்முடையது ஒன்றுதான். நீங்கள், நான், மகள், மகன். அன்றைய காலண்டர் தாளைக் கிழித்து ஆளுக்கொரு துண்டு தருவீர்கள். வேண்டும் என்றால் வட்டம், வேண்டாம் என்றால் பெருக்கல். மடித்து பிஸ்கட் டின்னில் போட வேண்டும். எண்ணுவது நீங்கள். எண்ணியதும் சீட்டுகளை அடுப்பில் போடுவது நான்.

"எண்ணுறதும் நீங்க, சொல்றதும் நீங்க. இத எப்படி நம்புறது?" என்பேன்.

"ஏட்டி, தேர்தல் அதிகாரியவே சந்தேகப்படுதியே!" என்று சிரிப்பீர்கள்.

எண்பதுகளின் கடைசியில் சென்னையிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. ஆராய்ச்சியோடு சேர்ந்த பேராசிரியர் வேலை. நின்ற இடத்திலேயே மூன்று தரம் படித்தீர்கள். அப்போது என் அப்பா செட்டியார்பட்டியில் பக்கவாதத்தில் கிடந்தார். நான் ஒரே பிள்ளை. ஒருநாள் விட்டு ஒருநாள் டவுன் பஸ் பிடித்துப் போய்க் கஞ்சி ஊட்டிவிட்டு வருவேன். போகவேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் உங்கள் வாழ்க்கையைக் கெடுத்தவள் ஆகிவிடுவேனே. "ஒங்க இஷ்டம்" என்றேன்.

"எதுக்கு? ஓட்டுப் போடுவோம்" என்றீர்கள்.

போட்டோம். "வேண்டாம் மூணு, வேணும் ஒண்ணு. நாம போகல" என்று அறிவித்தீர்கள். சீட்டுகளுக்குக் கை நீட்டினேன். "நீ சோலியப் பாரு. நானே அடுப்புல போட்டுருதேன்." அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

மெரினா மெரினா என்று குதித்த பிள்ளைகள் ஒரு வாரம் முகம் பார்க்கவில்லை. "நீதாம்ல மாத்திப் போட்ட!" என்று அவள். "நீதான்!" என்று இவன். நீங்கள் பேப்பருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டீர்கள்.

பிள்ளைகள் தாத்தாவுக்காக மாற்றிப் போட்டுவிட்டு நடிக்கிறார்கள், அந்த ஒற்றை வட்டம் உங்களுடையதுதான் என்று முடிவு கட்டினேன். அப்படி ஆசைப்பட்ட மனுஷன் எப்படி இவ்வளவு லேசாக விட்டார்? இந்தப் பக்கம் எதுவோ, எவளோ இருக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்லூரி விட்டும் சனிக்கிழமைகளில் வீடு வரத் தாமதம். ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி வந்தே விட்டேன், பாவி. மடவார் வளாகம் கோயிலில் தூணில் சாய்ந்து தனியாக உட்கார்ந்திருந்தீர்கள். அரைமணி நேரம் மறைந்து நின்று பார்த்தேன். யாரும் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தீர்கள். அதற்கும் வீட்டில் சண்டை பிடித்தேன்.

"எவ வரலன்னு அழுதீய?"

"கண்ணுல தூசிட்டி."

அடுத்த தை மாதம் அப்பா போனார். கடைசி வாய் தண்ணீர் என் கையால்தான் குடித்தார். நீங்கள் அவர் காலைத் தேய்த்துவிட்டுக் கொண்டிருந்தீர்கள்.

இன்றைக்கு நாலு துண்டையும் மேசையில் சேர்த்து வைத்தேன். தேதி, சென்னைக்கு ஓட்டுப் போட்ட அந்த ஆவணி ஞாயிற்றுக்கிழமை. மூன்று துண்டில் வட்டம். அதில் ஒன்று உங்கள் பச்சை மை. ஒன்றில் மட்டும் பெருக்கல். அதன் ஓரத்தில் மஞ்சள் விரல்தடம். எப்போதும்போலக் குழம்புக்கு மஞ்சள் அள்ளிய கையைத் துடைக்காமலே ஓட்டுப் போட வந்திருக்கிறேன். என் சீட்டு எதுவென்று ஒவ்வொரு தடவையும் உங்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. இதில் ரகசிய ஓட்டாம்!

"ஒத்த ஓட்ட மாத்தி எண்ணினாலும் அவன் மனுசனில்ல" என்று ஊரெல்லாம் பேசியவர் நீங்கள். அந்தக் கோயில் தூணடியில் அழுததும் இதற்குத்தான். உங்களைப் போய் அப்படிக் கேட்டேனே!

நாளை உங்கள் திதிக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். இன்னமும் அந்த ஓட்டைச் சொல்லித்தான் ஒருவரையொருவர் குத்திக்காட்டுகிறார்கள். அவர்களையே எண்ணச் சொல்லப்போகிறேன். அதுவரை நாலு சீட்டும் என் முந்தானை முடிச்சில் இருக்கும்.

உங்கள் மேல் நான் பட்ட சந்தேகம் அத்தனையும் பொய்தான், ஒன்றைத் தவிர. நீங்கள் சரியாக எண்ணவில்லை. என் ஒரே ஓட்டை மூன்றாக எண்ணியிருக்கிறீர்கள்.