பதினாறாம் குழியில் ஐந்து

ஜூன் 3, செவ்வாய்

ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்ணின் அறிக்கையைத் திருப்பி அனுப்பினேன். கிணற்று நீரில் நைட்ரேட் 4.25. அவள் 4.3 என்று எழுதியிருந்தாள்.

“கிட்டத்தட்ட அதுதானே மேடம்?”

கிட்டத்தட்ட என்பது எண் இல்லை என்றேன். முகம் சுருங்கிப் போனாள். எனக்குப் பின்னால் ‘புள்ளியம்மா’ என்கிறார்கள். சின்ன வயதில் அண்ணன் வைத்த பெயரும் ‘புள்ளி’தான். இவர்களுக்கு யார் சொன்னார்கள்?

ஜூன் 7, சனி

அண்ணனோடு நடை. இதய அறுவைக்குப் பிறகு தனியாகப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அண்ணிக்கு முழங்கால் வலி. ஆகவே சனிக்கிழமைகளில் நான்.

நகராட்சியின் கோல்ஃப் மைதானம். அவரிடம் இருப்பது அவர் போதகராக இருக்கும் சபையைச் சேர்ந்த பல் டாக்டர் கொடுத்த பழைய மட்டைகள். அவர் அடிக்கிறார், நான் கூட நடக்கிறேன். அடித்தால் பிரசங்கம், அடிக்காவிட்டாலும் பிரசங்கம். போதகரோடு நடந்தால் வேறென்ன கிடைக்கும்?

“பாரு புள்ளி, இதுல நடுவர் கிடையாது. தப்பு பண்ணா நாமளேதான் சொல்லணும். கடவுள் முன்னாடி நிக்கற மாதிரி.”

“நடுவரும் இல்ல, யாரும் பாக்கவும் இல்லன்னா, நான் நினைக்கிற மாதிரிதான் இருக்கு.”

சிரித்தார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டுதான் இப்போதெல்லாம் சிரிக்கிறார்.

நான் ஜெபம் பண்ணுவதை நிறுத்தியது கல்லூரி இரண்டாம் ஆண்டில். கடவுளோடு சண்டை ஒன்றுமில்லை. சந்தா புதுப்பிக்காத பத்திரிகை வராமல் நின்றுபோவதுபோல நின்றுபோனது. அண்ணன் இதுவரை ஒரு தடவைகூட ஏன் என்று கேட்டதில்லை. சில நாள் அதுவே கோபமாக வரும்.

ஜூன் 14, சனி

அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான கோப்பை. பதினெட்டுக் குழி. எல்லாக் குழியிலும் பந்தை விழவைக்க மொத்தம் எத்தனை அடி என்பதுதான் கணக்கு. குறைவாக அடித்தவர் வெற்றி. ஒருவர் அட்டையை மற்றவர் எழுத வேண்டும். கடைசியில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

அண்ணனின் ஜோடிக்கு முதுகு பிடித்துக்கொண்டது, வரவில்லை. மைதானத்துச் செயலாளர் என்னைப் பார்த்து, “தங்கச்சிதான் எண்களோடயே வாழறவங்களாச்சே, அவங்களே எழுதட்டும்” என்றார்.

அண்ணன் வென்றார். 84. பல் டாக்டர் 85, இரண்டாம் இடம்.

“போதகரே, உங்க ஆளு மேல இருந்து ஊதிட்டாரு” என்றார் பல் டாக்டர்.

அண்ணன் கோப்பையைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கினார். அறுவைக்குப் பிறகு அவர் முகத்தை நான் அப்படிப் பார்க்கவில்லை.

இத்தனையும் எழுதிவிட்டேன். எழுத வேண்டியதை எழுதவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

பந்து அசைந்தது.

ஜூன் 17, செவ்வாய்

எழுதிவிட்டால் நிற்கும் என்று பார்க்கிறேன்.

பதினாறாம் குழி. பந்து மரத்தடியில், சருகுக்குள். அடிக்க இடைஞ்சலாக ஒரு காய்ந்த குச்சி. அண்ணன் அதை இழுத்து, திரும்பி, அப்பால் எறிந்தார். அவர் முதுகு காட்டிய அந்த நொடியில் பந்து உருண்டது. ஒரு விரல் அகலம் இருக்கும். தன் பந்தில் எப்போதும் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பார். அந்தப் புள்ளி முதலில் சருகுக்குள் இருந்தது. பிறகு என்னைப் பார்த்தது. நான் ஏழடி தள்ளி நின்றேன். பிரமை இல்லை.

குச்சியை எடுக்கும்போது பந்து நகர்ந்தால் ஓரடி தண்டம் என்று எனக்குத் தெரியும். மூன்று மாதமாக அதைத்தானே கேட்டுக்கொண்டு நடக்கிறேன். அவர் திரும்பி வந்து அடித்தார். அந்தக் குழிக்கு மொத்தம் ஐந்து. “அஞ்சுதானே?” என்றார். ஐந்து என்று எழுதினேன்.

ஏன்? நெஞ்சைப் பிளந்து தைத்த மனுஷன். ஓரடிதானே. யாருக்கு நஷ்டம்?

4.25ஐ 4.3 ஆக்கியவளைத் திருப்பி அனுப்பியவள் நான்.

ஜூன் 18, புதன்

மதியம் அந்தப் பெண் வந்து நின்றாள். மாதிரிக் குப்பி ஒன்றைக் கீழே போட்டுவிட்டாளாம். திட்டு வாங்கத் தயாராகக் கைகட்டி நின்றாள். “உடனே வந்து சொன்னியே, போதும். இன்னொரு மாதிரி கேட்டு வாங்கிக்கலாம்” என்றேன். நம்பாமல் பார்த்தாள். நானும்தான்.

ஜூன் 19, வியாழன்

அண்ணன் போன். குரலில் உற்சாகம்.

“ஞாயித்துக்கிழமை நீ சர்ச்சுக்கு வரணும். ஒரு நாள்தான். அந்த அட்டையை வச்சுதான் பிரசங்கம். உண்மையா எழுதின அட்டை. எழுதினது என் தங்கச்சி, கடவுள நம்பாதவ, ஆனா எண்ல பொய் சொல்லத் தெரியாதவ. எப்படி?”

சரி என்று வைத்துவிட்டேன். சரியா? எது சரி? வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்.

மறுபடி கூப்பிட மூன்று முறை போனை எடுத்தேன்.

ஜூன் 20, வெள்ளி

வேலை முடிந்து நேரே அண்ணன் வீடு. அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் மேசையில் பிரசங்கத் தாள்கள். அவற்றின் மேல் கோப்பை. நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். குச்சி, சிவப்புப் புள்ளி, ஐந்து, எல்லாம்.

அண்ணன் கோப்பையை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, “ஓரடி இல்ல, ரெண்டு” என்றார்.

“என்னது?”

“அப்பவே சொல்லியிருந்தா ஓரடி. பந்தை எடுத்துப் பழைய இடத்துல வச்சிட்டு ஆடியிருப்பேன். வைக்காம அடிச்சதால ரெண்டு. எண்பத்தாறு.”

மனசு கணக்குப் போட்டது. அப்போதே வாயைத் திறந்திருந்தால் 85. டாக்டரோடு சமன். நான் கொடுத்த ஓரடியால் இரண்டடி போனது.

“உங்களுக்காகத்தான்…”

“எனக்காகவா? என்னால தாங்க முடியாதுன்னு நீயே முடிவு பண்ணிட்ட. ஆஸ்பத்திரில எல்லாரும் அப்படித்தான் பாத்தாங்க. நீ ஒருத்திதான் அப்படிப் பாக்கலன்னு நினைச்சேன்.”

அண்ணி மடித்த துண்டையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். மன்னித்துவிட்டேன் என்று அண்ணன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எரிச்சல்தான் வந்திருக்கும். சொல்லாததும் தாங்கவில்லை.

ஜூன் 21, சனி

செயலாளரிடம் போனோம். அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார்.

“முடிவு அறிவிச்சாச்சு. தண்டம் இருக்குன்னு ஆட்டக்காரருக்கே தெரியாது. அப்படின்னா முடிவு மாறாது. கோப்பை உங்களோடதுதான் போதகரே.”

“எண்பத்தாறு அடிச்சிருக்கேன் சார்.”

“இருக்கட்டும். விதிப்படி எண்பத்து நாலு.”

“அப்போ எனக்கு?” என்று கேட்டேன். தெரிந்தே எழுதியவள் நான்தானே.

“நீங்க ஆட்டக்காரர் இல்லையேம்மா. உங்களத் தண்டிக்க இதுல ஒண்ணும் எழுதல.”

ஏதாவது இருந்திருக்கலாம்.

அங்கிருந்து பல் டாக்டர் வீடு. அண்ணன் கோப்பையை நீட்டினார். டாக்டர் வாசலை விட்டு நகரவில்லை. “விதி உங்களுக்குன்னு சொல்லுது, நான் எப்படி வாங்க? எடுத்துட்டுப் போங்க. பல்லு வலிச்சா மட்டும் வாங்க.”

திரும்பும் வழியில் பின் இருக்கையில் கோப்பை உருண்டு உருண்டு சத்தம் போட்டது. அண்ணன் முணுமுணுத்தார்: “நான் ஜெயிக்காதத எப்படி வீட்டுல வைக்கிறது? தகுதி இல்லாம…”

சுருக்கென்று பட்டதால் குத்தலாகத்தான் சொன்னேன்: “முப்பது வருஷமா நீங்க சொல்றது இதுதானே? தகுதி இல்லாதவனுக்குக் கிடைக்கிறது. கிருபைன்னு பேரு. இப்ப உங்களுக்கே கொடுத்தா வேண்டாமா?”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.



ஜூன் 22, ஞாயிறு

போனேன். கடைசி வரிசை, கதவோரம்.

அட்டையைப் பற்றிய பிரசங்கம் இல்லை. அவர் ஏறி நின்று, கோப்பையைப் பக்கத்தில் வைத்து, நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். என்னைக் குறிப்பிடவில்லை. “அட்டையில ஒரு தப்பு” என்றார், அவ்வளவுதான்.

“மத்தவங்களுக்கு அள்ளி அள்ளிக் கொடுத்தேன். எனக்குன்னு வந்தப்ப, சம்பாதிச்சாத்தான் வாங்குவேன்னு நின்னுட்டேன். ஒரு வாரமா இது என் வீட்டுல உக்காந்து என்னைப் பாத்துக்கிட்டே இருக்கு.”

எட்டு நிமிடத்தில் முடித்துவிட்டார். முன்வரிசையில் ஒருவர் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார்.

ஆட்டக்காரி இல்லை என்றார் செயலாளர். எனக்கு விதியே இல்லை. மீறியதாகவும் எழுத முடியாது, மன்னிக்கப்பட்டதாகவும் எழுத முடியாது. வெளியே நிற்பதன் வசதி என்று இத்தனை வருடம் நினைத்தது இதைத்தானா?

பாட்டு முடியுமுன் வந்துவிட்டேன்.

ஜூன் 28, சனி

அண்ணன் அழைக்கவில்லை. நடை இல்லை. அலமாரியை ஒழித்தேன், மறுபடி அடுக்கினேன்.

ஜூலை 5, சனி

அண்ணியிடம் கேட்டேன். அண்ணன் பல் டாக்டரோடு நடைக்குப் போயிருக்கிறாராம். கோப்பை?

“சமையலறை ஜன்னல்ல. வேண்டாம்னு சொல்றதும் இல்ல, துடைச்சு வைக்கிறதும் இல்ல. கரண்டி போட்டு வச்சிருக்கேன், கோவிச்சுக்கல.”

ஜூலை 10, வியாழன்

போன். “சனிக்கிழமை ஆறு மணி. டாக்டர் ஊர்ல இல்ல.” வைத்துவிட்டார். ஆறே சொல்லுக்கு நாள் முழுதும் அர்த்தம் தேடினேன்.

ஜூலை 12, சனி

ஈரப் புல். முதல் மூன்று குழிவரை வானிலை, அண்ணியின் முழங்கால். மதில் மேல் பூனையாகக் கூடவே நடந்தேன்.

முதல் குழியிலேயே ஒன்று நடந்தது. போட்டி எதுவும் இல்லாத நாளில் அட்டை வேண்டியதில்லை. அவரோ சட்டைப் பையிலிருந்து வெற்று அட்டையும் பென்சிலும் எடுத்து, என் முகத்தைப் பார்க்காமல் என்னிடம் நீட்டினார்.

“என்கிட்டயா?”

“வேற யாரு இருக்கா இங்க?”

வாங்கிக்கொண்டேன். நம்பிக்கை வந்துவிட்டதா என்று என்னைக் கேட்டால், இல்லை. அந்தப் பென்சிலுக்கு எனக்குத் தகுதி இருந்ததா என்று கேட்டால், அதுவும் இல்லை.

பதினொன்றாம் குழி, வேலியோரம். அண்ணன் ஒரு சருகை விலக்கினார். சிவப்புப் புள்ளி மெல்லத் திரும்பியது.

“அண்ணா, அசைஞ்சது.”

குனிந்து பார்த்தார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். பந்தை எடுத்துப் பழைய இடத்தில் வைத்து அடித்தார்.

தண்ட அடியோடு சேர்த்து ஆறு என்று எழுதினேன்.