பலகையும் மஸ்கட் கடிதமும்

2.2.2009, திங்கள்

காலை ஐந்தே முக்கால். பனி. வேளிக் காயல். தண்ணீர் சில்லென்று. கோமதியோடு முதல் வகுப்பு: பலகைமேல் நின்று துடுப்புப் போடுவது. எனக்கு 44, அவளுக்கு 39. தேவைதான்.

"போறதுக்கு முன்னால ரெண்டு பேருக்கும் தெரியாத ஒண்ண ரெண்டு பேரும் சேந்து படிப்போம்" என்றாள். 

அவளுக்கு மஸ்கட்டில் ஆஸ்பத்திரி லேபில் வேலை. ரெண்டு வருஷம். எல்லாம் ஆயிற்று, புருஷன் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் ஒன்றுதான் ஏஜென்சியில் கேட்கிறார்கள். அடுத்த திங்கள் கடைசி நாள். டைப் அடித்து டிவி மேல் வைத்திருக்கிறாள். அதைப் பார்க்காமல் டிவி பார்க்கிறேன்.

சொல்லித் தருகிறவன் ஷிபு, மலையாளத்துப் பையன். கோ.வோடு வேலை பார்க்கும் நர்ஸின் தம்பி. ஆஸ்திரேலியாவிலிருந்து ரெண்டு பலகை கொண்டு வந்திருக்கிறான். வாசல் கதவைக் கழற்றித் தண்ணீரில் போட்ட மாதிரி இருக்கிறது.

இன்று படித்தது: பலகை நடுவில் முட்டி போடுவது. கணுக்காலில் கயிறு. விழுந்தால் பலகையை விட்டு விலகி, மல்லாந்து விழணும். விழுவதற்கு எனக்குப் பாடம் தேவைப்படவில்லை.

நான் 6 தடவை. கோ. 2.

3, செவ்வாய்

துடுப்பை முன்பின்னாகத் திருப்பிப் பிடித்தேனாம். அகலமான முனை லேசாக வளைந்திருக்கும். அந்த வளைவு முன்பக்கம் சாய்ந்திருக்கணும். நான் பிடித்தது என்னைப் பார்க்க.

பத்தொன்பது வருஷமாகச் சாலை பஜார் பாத்திரக் கடையில் கல்யாணப் பாயசம் காய்ச்சும் உருளியும் நீளச் சட்டுவமும் விற்கிற கை. எப்படிப் பிடித்துக் கிளறணும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் பிடித்துக் காட்டிய கை. தடி கையில் வந்ததும் அதுபாட்டுக்குக் குழிவை என் பக்கம் திருப்பிக்கொண்டது.

ஷிபு: "சேட்டா, பாயசம் இளக்கண்டா!"

பாயசம் கிளற வேண்டாமாம். அவனுக்கு என் கடை சமாச்சாரம் ஒன்றும் தெரியாது. கோ.வுக்குத் தெரியுமே. சிரித்த சிரிப்பில் அவளும் தண்ணீரில். மூக்கில் தண்ணீர் ஏறி, இருமி, அப்போதும் சிரிப்பு. அவள் இப்படிச் சிரித்து எவ்வளவோ நாளாச்சு. கோபம் வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

நான் 9. கோ. 3 (ஒன்று சிரித்து விழுந்தது, கணக்கில் சேராது என்கிறாள்).

கடைக்கு: உருளிக் காதுக்கு ஆணி, பழைய சாக்கு, சணல். மறக்கக் கூடாது.

4, புதன்

நின்றுவிட்டாள்.

"சேச்சி நின்னு!" என்று ஷிபு கத்தின கத்தில் கரையில் தூண்டில் போட்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். பாதம் ரெண்டும் தோள் அகலத்துக்கு, முட்டி லேசாக மடங்கி, பார்வை நேரே. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கிறவள் போல. நீச்சல் தெரியாதவள் அவள். எனக்கு நன்றாக நீந்தத் தெரியும். நிற்கத்தான் தெரியவில்லை.

திரும்பும்போது சாக்கை ஜங்ஷன் சிக்னலில் ஸ்கூட்டர் பின்னாலிருந்து: "ஒரு வார்த்தை சொல்லுங்க. போவட்டுமா, வேண்டாமா?"

"உன் இஷ்டம்."

"அது பதிலில்ல."

பச்சை விழுந்தது. நல்ல வேளை.

கோயில் பொங்காலைக்குப் பெண்கள் பொங்கலிடும் கலம் வந்து இறங்க ஆரம்பித்தாச்சு. கடையில் நடக்க இடமில்லை. கை வலியில் மூடி அடுக்கைக் கீழே போட்டேன். நாலு ஒடுங்கல். முதலாளி நெற்றியைத் தடவினார்.

6, வெள்ளி

நேற்று எழுதவில்லை. பேனா பிடிக்க முடியவில்லை.

ஷிபு சொல்வது: பலம் கையில் இல்லை, இடுப்பில். உடம்பைத் திருப்பித் துடுப்பை இழுக்கணும். "கை மாத்ரம் போரா சேட்டா, நாளெ கை பொங்கில்லா." சரி, கை தூக்க வராது என்கிறான். புரிகிறது. புரிந்து என்ன? துடுப்பு தண்ணீரில் இறங்கினதும் கைதான் இழுக்கிறது.

இன்று நின்றேன். ஒன்று, ரெண்டு, மூன்று, நாலு எண்ணுவதற்குள் தண்ணீர். கோ. பார்க்கவில்லை. அவள் அந்தக் கரைப் பக்கம் போய்விட்டிருந்தாள், சின்னதாக, நேராக.

எதை எழுத இந்த நோட்டு? எழுதிவிடுகிறேன். அவள் போவது எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளை குட்டி இல்லாத வீடு. இவளும் போனால் குக்கர் விசிலை எண்ண எனக்கு ஆள் கிடையாது. போகாதே என்று சொன்னால் போக மாட்டாள். நிச்சயம் போக மாட்டாள். அதுதான் பயமாக இருக்கிறது.

நான் 11. கோ. 0.

7, சனி

கடைசி வகுப்பு. நான் 14. ஷிபு தட்டிக்கொடுத்தான்: "சாரமில்லா சேட்டா, சிலர்க்கு சமயம் எடுக்கும்." பரவாயில்லையாம், சிலருக்கு நாளாகுமாம். எனக்கு எத்தனை நாள் என்று அவன் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும், ஈர நிக்கரோடு, டிவி மேலிருந்து கடிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். குளித்துவிட்டு வந்தால் மனசு மாறிவிடும். விரல் என் சொல் கேட்கவில்லை. தோளிலிருந்து நகம் வரைக்கும் நடுக்கம். எப்படியோ போட்டேன்.

கோ. வாங்கிப் பார்த்தாள். கவரில் வைத்தாள். "தல தொவட்டுங்க, சளி பிடிக்கும்" என்றாள். அவ்வளவுதான்.

8, ஞாயிறு

வெயில். வகுப்பு இல்லை. சட்டை போடக் கை தூக்க முடியவில்லை. கோ. தைலம் தேய்த்துவிட்டாள்.

"ரெண்டு குப்பி வாங்கி வெச்சிட்டுப் போறேன்."

"முதுகுக்கு யாரு தேய்ப்பா?"

அவள் கை நின்றது. அப்புறம் தேய்த்தாள். நான் எதற்கு அதைக் கேட்டேன்? சனியன் பிடித்த வாய். வேண்டிய நேரத்தில் திறக்காது.

9, திங்கள்

தோள் தேவலை. பத்து மணிக்கெல்லாம் உச்சி வெயில் மாதிரி. கடையில் கூட்டம்.

மத்தியானம் கோ. கடைக்கு வந்தாள். இந்தப் பக்கமே வராதவள். ஏஜென்சியில் கடிதத்தைத் திருப்பிவிட்டார்களாம். என் லைசென்ஸ் நகலில் இருக்கிற கையெழுத்து வேறு, இது வேறு என்று. புதிதாக டைப் அடித்துக் கொண்டு வந்திருக்கிறாள். ஐந்து மணிக்குள் வேண்டும்.

கலம் அடுக்கியிருக்கிற மூலைக்கு என்னைக் கூட்டிப் போனாள். மெதுவாகக் கேட்டாள்: "வேணும்னு பண்ணுனியளா?"

"இல்ல."

"உண்மையச் சொல்லுங்க. வேணும்னுதான் பண்ணுனேன்னு சொன்னா, இத இங்கயே கிழிச்சிருவேன். ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். சத்தியம்."

முகத்தைப் பார்த்தேன். கிழிப்பாள். கண்ணில் ஆசை மாதிரியும் இருந்தது, பயம் மாதிரியும் இருந்தது. எதைச் சொன்னால் அவளுக்கு நிம்மதி என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. வெளியே யாரோ, "அண்ணாச்சி, இந்தக் கலம் என்ன விலை?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

ஆமாம் என்று ஒரு பொய். அவ்வளவு போதும். அதற்கான சாமர்த்தியம் எனக்கு எங்கே?

"கை நடுக்கம்தான். துடுப்பு இழுத்தது."

 பேனாவை நீட்டினாள். "நிதானமாப் போடுங்க."

உருளி ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் வைத்துப் போட்டேன். லைசென்ஸில் இருக்கிற மாதிரியே அச்சு அசலாக விழுந்தது. கை துளிகூட நடுங்கவில்லை.