நான் சுருக்கிய அத்திவாரப் படங்கள்

என் ராசு மச்சானுக்கு,

அடுத்த கிழமை நீ போய் ஒரு வருஷம், உன் ஆட்டைத் திவசம். பத்திரிகையில் உன் படத்துக்குக் கீழே போட நாலு வரி எழுதித் தரும்படி தங்கச்சி கேட்டாள். அவளுக்குப் புருஷன், எனக்குக் கூட்டாளி, நாலு வரியில் எதைச் சொல்லி எதை விடுவது? எழுத உட்கார்ந்தேன், நிற்கவில்லை. ஊரும் வாசிக்கட்டும் மச்சான். நான் செய்த பிழை நாலு பேருக்குத் தெரிந்தால்தான் எனக்கு மனம் ஆறும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். களைத்துப் போனேன். வீடு கட்டிக் கொடுக்கும் தொழிலை இரண்டு பேராகப் பார்த்தோம், இப்போது ஒருவன் பார்க்கிறேன். காலையில் கிரானில் கூரை வேலை, பின்னேரம் வவுணதீவில் மதில் வேலை. சீமெந்து வராது, மேசன் வரமாட்டார், மழை மட்டும் சொல்லி வைத்தாற்போல் வந்துவிடும். கிரான் வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்று இருந்தேன். தங்கச்சியிடம்கூட இதைச் சொல்லவில்லை.

நீ போய் எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த கையோடு உன் போனை அவள் என்னிடம் தந்தாள். "வேலைப் படமெல்லாம் இதுக்குள்ளதான் கிடக்கு அண்ணா. நீங்களே வெச்சிருங்க" என்றாள்.

படங்கள்! உன்னை எவ்வளவு பகிடி பண்ணியிருப்பேன். மண் மூடப்போகிற அத்திவாரம், பூச்சு மூடப்போகிற குழாய், கொங்கிரீட் மூடப்போகிற கம்பி, எதையும் நீ படம் எடுக்காமல் மூட விட்டதில்லை. அளவுநாடாவை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் எடுப்பாய். "கலியாண வீட்டிலயும் இவ்வளவு படம் எடுக்கமாட்டாங்கடா" என்பேன். "நாளைக்கு இத ஆரும் பாக்க ஏலாது மச்சான்" என்று சொல்லிவிட்டு இன்னும் இரண்டு எடுப்பாய். பிறகு குறிப்புச் செயலியில் வீட்டுக்கு ஒரு குறிப்பாகப் போட்டு வைப்பாய்.

அந்தப் போனையே நானும் பாவித்தேன், சில மாதத்தில் நிரம்பிவிட்டது. குறிப்பைத் திறந்தால் சுற்றிக்கொண்டே நிற்கும், படம் வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க இருந்து எல்லாப் படங்களையும் ஒரேயடியாகச் சுருக்கினேன். சுருங்கியதை வைத்துக்கொண்டு பெரியதை அழித்தேன். பத்தில் ஒரு பங்கு இடம்கூட எடுக்கவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம்.

அதோடு நின்றிருக்கலாம். குறிப்புகளை ஒழுங்குபடுத்தவும் வெளிக்கிட்டேன். நீ எல்லாவற்றுக்கும் பெண்பிள்ளைகளின் பெயரை வைத்திருந்தாய். வசந்தி வீடு, குமுதினி வீடு, நிரோஜா வீடு. எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குத்தானே. ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பவர் தகப்பன், ஆனால் வீடு மகளின் சீதனம், மாப்பிள்ளை அங்கே வந்துதான் குடியிருப்பார். நீ யார் வாழப்போகிறார்களோ அவர்கள் பெயரை வைத்தாய். என்னிடம் இருந்தது ஒப்பந்தக் கோவை, அதில் தகப்பன் பெயர். தேட வசதியென்று ஒரு தகப்பனின் குறிப்புகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தேன். அப்படித்தான் வசந்தி வீடும் குமுதினி வீடும் சேர்ந்து 'சாமித்தம்பி, வவுணதீவு' என்று ஒரே குறிப்பாகின.

வைகாசியில் அவர்களின் தகப்பன் சாமித்தம்பி அண்ணன் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"கடைசி மகள் சாளினிக்கும் சரிவந்திட்டு மனே. ஆவணிக்குள்ள கலியாணத்த வெக்கோணுமாம். வளவுக்குள்ள இனி வீடு வெக்க இடமில்ல, மேலதான் கட்டோணும்."

"எந்த வீட்டுக்கு மேல அண்ணன்?"

"ரெண்டில ஒண்டுக்கு மாடிக்கும் சேத்து அத்திவாரம் போட்டது. எதுக்கெண்டு மறந்து போச்சு. ராசுத் தம்பிட போனில எல்லாம் கிடக்காம், பாருங்க."

அவர் முன்னாலேயே திறந்தேன். பக்கம் பக்கமாக இருக்கும் இரண்டு வீடுகள். ஒரே வரைபடம், ஒரே மண், ஒரே மேசன்மார், ஒரு மாத இடைவெளியில் போட்ட அத்திவாரங்கள். சில படங்களில் கம்பி தடிப்பாகத் தெரிகிறது, சிலவற்றில் மெல்லிசாக. எது எந்த வீடு? திகதியைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நான் சுருக்கிய அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நிற்கிறது. அளவுநாடாவைப் பெருப்பித்துப் பார்த்தேன். இலக்கங்கள் எல்லாம் கரைந்து மஞ்சள் கோடாகிவிட்டிருந்தன.

அந்த அத்திவாரங்கள் போட்ட நேரம் நான் கதிரவெளி வேலையில் நின்றேன். மாடிக்குச் சேர்த்துப் போடுவதை நீயும் அவரும் வளவுக்குள் நின்று வாயால் பேசி முடித்தீர்கள். கடதாசியில் ஒன்றுமில்லை. இருந்தது அந்தப் படங்களில் மட்டும்தான். "வீட்ட போய் வடிவாப் பாத்துச் சொல்றன்" என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன்.

மூன்று நாள் அவருடைய அழைப்பை எடுக்கவில்லை. இரண்டில் ஒன்று, பாதிக்குப் பாதி. அந்தக் கணக்கை நம்பி ஒரு குடும்பத்தின் தலைக்கு மேல் இன்னொரு குடும்பத்தைக் குடியேற்றலாமா? ஏலாது என்று சொன்னால் அந்தப் பிள்ளையின் கலியாணம் என்னாவது?

இன்னொன்றும் நினைத்தேன். ராசு ஒழுங்காக எழுதி வைக்கவில்லை என்று சொல்லிவிட்டால் என்ன? நீ வந்து மறுத்துப் பேசப்போவதில்லையே. அரை நாள் அந்த எண்ணத்தோடு திரிந்தேன் மச்சான். வெட்கமாக இருக்கிறது. என்னை மன்னித்துக்கொள்.

நாலாம் நாள் போனேன். சாமித்தம்பி அண்ணன், மூன்று மகள்மார், எல்லோரும் முற்றத்தில் நின்றார்கள். உள்ளதைச் சொன்னேன். படங்கள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன, நான்தான் சுருக்கிக் கலந்து குழப்பிவிட்டேன் என்றேன். 

"அப்ப ஆவணிக்கு ஏலாதா மாமா?" என்று சாளினிதான் கேட்டாள்.

"கிண்டிப் பாத்தாத்தான் புள்ள தெரியும். ரெண்டு வீட்டிலயும் ஒரு மூலை கிண்டோணும்."

"என்ட குசினி அடுப்புப் பக்கம் மட்டும் வேணா. இப்பதான் நிலத்துக்குச் சீமெந்து போட்டது" என்றாள் குமுதினி. வசந்தி அவளைப் பார்த்து, "ஆர்ட தலைக்கு மேல வாறாளெண்டே தெரியாது, நீ குசினியப் பத்திக் கவலப்படுறாய்" என்றதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏறாவூர் றஹீம் காக்காவைக் கூட்டிப் போனேன். உனக்கு விருப்பமான மேசன். முதலில் வசந்தி வீட்டு மூலை. மூன்றடி போகுமுன் அத்திவாரத்தின் அடி வந்துவிட்டது. அது இல்லை. குமுதினி வீட்டு மூலையைத் தொட்டோம். மூன்றடி போயிற்று, நாலடி போயிற்று, மண்வெட்டி இன்னும் இறங்கிக்கொண்டே இருந்தது. அடியில் அகலமான கொங்கிரீட் தட்டு. காக்கா தூணின் ஓரத்தைக் கொஞ்சம் கொத்தித் தந்தார். மாடிக்குப் போடும் பதினாறு மில்லிக் கம்பி. நான் குழிக்குள்ளேயே குந்திவிட்டேன்.

"ராசுத் தம்பி சொன்னாச் சொன்னதுதான். அளக்காம ஒண்டையும் மூட விடமாட்டார்" என்றார் காக்கா. குழிக்கு வெளியே நின்ற சாமித்தம்பி அண்ணன் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

மறுநாள் எஞ்சினியர் வந்து நாலு மூலையும் கிண்டச் சொல்லி, அளந்து பார்த்து, கட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார். மூடுவதற்கு முன் நான் படம் எடுத்தேன். நாடாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் எடுப்பது எவ்வளவு கஷ்டமென்று அப்போதுதான் தெரிந்தது. 'சாளினி வீடு' என்று புதிய குறிப்புத் திறந்து போட்டேன். ஆனி பிறக்கும்போது மேலே கல் ஏறிவிடும்.

அதன் பிறகு ஒவ்வொரு இரவும் வேலை முடிந்து வந்து, நான் குழப்பிய குறிப்புகளைத் திரும்பவும் மகள்மார் பெயரில் பிரிக்கிறேன். கண் எரிகிறது. சில படங்களை எங்கே போடுவதென்று தெரியாமல் தகப்பன்மாரிடம் கொண்டுபோய்க் காட்டுகிறேன். முந்தாநாள் பட்டியலின் கடைசிக்கு, நான் இன்னும் கை வைக்காத இடத்துக்குப் போனேன். அங்கே படம் ஒன்றும் இல்லாத குறிப்பு ஒன்று கிடந்தது. 'அபிநயா வீடு.'

உன் மகளுக்கு இப்போது ஒன்பது வயது, மச்சான். அவள் பெயரில் எப்போது குறிப்புத் திறந்தாய்? என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? உள்ளே இரண்டே வரி எழுதியிருந்தாய்.

"எங்கட வளவு, தெக்குப் பக்கம். மாடிக்கும் சேத்து அத்திவாரம்.
மச்சானிட்ட கேக்கோணும்."

கேட்காமலே போய்விட்டாய். கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியாதா?

ஓம் மச்சான். நான் கட்டுகிறேன். தொழிலையும் விடவில்லை. அத்திவாரம் வெட்டி, கம்பி கட்டி, மூடுவதற்கு முன் அபியை ஒரு முனையில் நாடாவைப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுப்பேன். நீ திறந்து வைத்த அந்தக் குறிப்பிலேயே போடுவேன். ஒரு படத்தையும் சுருக்கமாட்டேன்.

உன் மச்சான்,
அபியின் தாய்மாமன்,
சிவம்