பழையதே போதும் என்ற பட்டியல்

அயோவா,
மே மாதம், செவ்வாய்க்கிழமை.

கிர்ஸ்டனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அந்த அளவுக்குச் சுகம். அங்கே நீயும் உன் வயிற்றில் இருப்பதும் சுகமாக இருக்க வேண்டும் என்று கர்த்தரைக் கேட்டுக்கொள்கிறேன், உன்னிடம் கேட்டால்தான் பதில் வருவதில்லையே. ஞாயிற்றுக்கிழமை பாதிப் பேச்சில் ஃபோனை வைத்துவிட்டாய், அதனால்தான் இந்தக் காகிதம். காகிதம் எதற்கு, எந்த மரத்தை வெட்டினார்களோ என்று ஆரம்பிக்காதே, இது விதைக் கடைக்காரன் அனுப்பிய விளம்பரத்தின் பின்பக்கம். உன் கொள்கைக்கு ஒரு குறையும் வராது.

நீ ஃபோனை வைப்பதற்கு முன்னால் இரண்டு விஷயம் சொன்னாய். "என் லிஸ்ட்ல கை வச்சது நீதானேம்மா, பொய் சொல்லாத" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் "குழந்தை பொறந்து ஆறு வாரம் ஆகட்டும், அதுக்கு முன்னாடி நீ இந்தப் பக்கமே வராத" என்றாய். முதல் விஷயத்துக்குப் பதில், ஆமாம், நான்தான் செய்தேன். யாரும் தூண்டவில்லை, கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாக உட்கார்ந்துதான் செய்தேன். ஏன் செய்தேன் என்று கேட்க உனக்குப் பொறுமை இல்லை, எனக்குச் சொல்லாமல் இருக்கப் பொறுமை இல்லை. இரண்டாவது விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

சர்ச்சின் கீழ்த்தளக் கூடத்தில் உனக்கு பேபி ஷவர், பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பரிசு கொடுக்கும் விருந்து, வைப்பதாக முடிவானதும் பாஸ்டரின் மனைவி மாவிஸ்தான் அழைப்பிதழ் அடித்தாள், உன் பரிசுப் பட்டியல் கணினியில் எங்கே இருக்கிறது என்றும் அதிலேயே போட்டுவிட்டாள். நீ விமானம் ஏறினால் பூமி சூடாகிவிடும் என்று வரமாட்டேன் என்றாய், திரையில் முகம் காட்டுகிறேன் என்றாய், சரி என்றோம். அப்புறம் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது எல்லோரும் அவரவர் ஃபோனில் உன் பட்டியலைத் திறந்தார்கள். பழைய துணி டயப்பர். பழைய சட்டைகள், கறை இருந்தாலும் பரவாயில்லை. பழைய தொட்டில். பழைய தள்ளுவண்டி. வண்ணத்தாள் சுற்ற வேண்டாம், புதிது வாங்க வேண்டாம். எனக்குக் காது மடல்வரை சுட்டது. உன் ஜோலீன் அத்தை இருக்கிறாளே, அவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது, "ஏன் அண்ணி, மாப்பிள்ளைக்கு வேலை கீலை போயிடுச்சா? ஊர்ப் பழசையெல்லாம் கேக்குறாளே உங்க பொண்ணு" என்று கூடமே கேட்கும்படி கேட்டாள். அவளையாவது திருப்பித் திட்டலாம். மாவிஸ் என்னைத் தனியாக ஒதுக்கிக் கூட்டிப்போய் கையைப் பிடித்துக்கொண்டு, "சங்கடப்படாதீங்க ஆர்டித், நம்ம தர்மத் துணிப் பெட்டியில நல்லதாப் பாத்து எடுத்து வைக்கிறேன்" என்றாள். அந்த அன்பை நான் என்ன செய்வது? வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை, பட்டியலைத் திறந்து பழையது என்று இருந்த ஒவ்வொரு வரியிலும், அடியில் இருந்த கடைசி வரியிலும், வாங்கியாகிவிட்டது என்று அழுத்தினேன். அழுத்த அழுத்த ஒவ்வொன்றாக மறைந்தது. அப்படி ஒரு நிம்மதி எனக்கு வந்து வெகுநாள் ஆகிறது.

அதற்கப்புறம் நடந்ததை நீயே திரையில் பார்த்தாய். பட்டியலில் விலை கூடிய ஒரே ஒரு பொருளைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை என்று எல்லோரும் தங்களுக்குத் தோன்றியதை வாங்கிவந்தார்கள். ஜோலீன் டயப்பர்களைச் சுருட்டிச் சுருட்டி மூன்று அடுக்குக் கேக் மாதிரி கட்டிவந்தாள், ஒருமுறை கட்டித் தூக்கி எறிகிற டயப்பர், உச்சியில் பிளாஸ்டிக் வாத்து வேறு. பாட்டுப் பாடுகிற ஊஞ்சல் இரண்டு வந்தது, ஈரத்துணியைச் சூடாக்குகிற பெட்டி ஒன்று வந்தது, அதன் பயன் என்ன என்று வாங்கிவந்தவளுக்கே தெரியவில்லை. நீ திரையில் கல் மாதிரி உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் நன்றி சொன்னாய். நீ கொஞ்சம் சிரித்திருக்கலாம். ஹாம் சாண்ட்விச் செய்து, பச்சை ஜெல்லி சாலட் செய்து, நாற்காலி போட்டவர்களுக்கு ஒரு சிரிப்புகூடக் கிடையாதா? வயிற்றுச் சுற்றளவை நூலால் ஊகிக்கும் விளையாட்டில் நீ அளக்கவே மாட்டேன் என்றாய், எல்லோரும் வெட்டி வைத்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள்.

இப்போது நீ சொல்லித்தான் மற்றது தெரிந்தது. அங்கே போர்ட்லாண்டில் உன் சிநேகிதி நவோமி தன் பிள்ளையின் தொட்டிலையும் தள்ளுவண்டியையும் உனக்கென்று துடைத்து வைத்திருந்தாளாம், பட்டியலில் முடிந்துவிட்டது என்று இருந்ததால் வேறொருத்திக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாளாம். துணி டயப்பரும் அப்படியே போயிற்றாம். எட்டு மாத வயிற்றோடு உன் வீட்டில் நாங்கள் அனுப்பிய பாடுகிற ஊஞ்சல் இரண்டு இருக்கிறது, பிள்ளையைப் படுக்கவைக்க இடமில்லை. இது என்னால் வந்தது. அதை மறுக்க நான் எழுதவில்லை. ஆனால் நீ "உனக்கு உன் கௌரவம்தாம்மா முக்கியம்" என்றாயே, அதை நான் விழுங்கமாட்டேன்.

இறைச்சி ஆலை மூடி அப்பா வீட்டில் உட்கார்ந்த வருடம் உனக்கு ஞாபகம் இருக்காது. மாவிஸ் சொன்ன அதே தர்மப் பெட்டியிலிருந்து உனக்கு ஒரு சிவப்புக் கோட்டு எடுத்துவந்தேன், நல்ல கம்பளி, ஒரு பொத்தான் மட்டும் வேறு மாதிரி. பள்ளிப் பேருந்தில் பல் டாக்டரின் மகள் உன் காலரைத் திருப்பி உள்ளே தைத்திருந்த தன் பெயரை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாள். அந்த ஜனவரி முழுவதும் கோட்டில்லாமல் வெறும் ஸ்வெட்டரோடு போனாய், கேட்டால் "எனக்குக் குளிரல" என்றாய், உதடு நீலமாக இருக்கும். நீ மறந்துவிட்டாய், நல்லது. என்னால் முடியவில்லை. என் பேரப்பிள்ளை ஊரான் கழற்றிப் போட்டதை உடுத்தாது என்று அன்றைக்கே மனதில் வைத்துக்கொண்டேன். நான் வாங்கியபோது அதற்குப் பெயர் தர்மம், நீ கேட்டால் கொள்கையாம், உனக்குக் கைதட்டுகிறார்களாம். கடைக்குப் போய் வேண்டியதை வாங்க முடிந்த பெண் பழையது கேட்கும்போது எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்? அப்பாவிடம் இதைச் சொன்னேன். "அவ பயப்படாமக் கேக்குறாளே ஆர்டித், அதுக்குத்தானே நாம பாடுபட்டோம்" என்று சொல்லிவிட்டுப் புல் வெட்டப் போய்விட்டார். உன் அப்பா வெர்லின் பேசுவது அபூர்வம், பேசினால் உன் பக்கம்தான்.

சரி, கோபத்தோடு கோபமாக இதையும் கேட்டுக்கொள். துணி டயப்பர் துவைக்கும்போது துணியை மிருதுவாக்கும் திரவத்தை ஊற்றிவிடாதே, அப்புறம் ஈரத்தை உறிஞ்சாது. அடுக்கடுக்காகத் தைத்ததை வாங்காதே, உங்கள் ஊர் மழையில் காயவே காயாது, ஒற்றைத் துணியாக இருப்பதை வாங்கி மடித்துக் கட்டு. உன் மாதிரி ஆட்கள் காசுக்கு விற்கும் மூங்கில் கரண்டி ஒன்றும் வேண்டாம், வீட்டில் இருக்கும் கரண்டி போதும், பூமியும் அதைத்தான் விரும்பும். காரில் குழந்தையை உட்காரவைக்கும் இருக்கையை மட்டும் நீ புதிதாகக் கேட்டிருந்தாய், எங்கே இடிபட்டது என்று தெரியாத பழையதில் பிள்ளையை ஏற்றக்கூடாது, அந்தப் புத்தி இருந்ததே. பட்டியல் முழுவதிலும் நீ கேட்ட ஒரே புதுப் பொருள், அதை ஒருத்தியும் வாங்கவில்லை. நான் வாங்கி அனுப்பியிருக்கிறேன். மாப்பிள்ளை டெவினிடம் சொல்லி இப்போதே பொருத்தச் சொல், வலி எடுத்த பிறகு வார் எங்கே மாட்டுவது என்று தேடிக்கொண்டிருக்கப் போகிறார்.

நேற்று பட்டியலைத் திறந்து நான் மூடிய வரிகளையெல்லாம் திறந்துவிட்டேன். நவோமிக்கும் எழுதினேன், குற்றம் அவளுடையதல்ல என்று. சாயங்காலம் சர்ச்சில் பெண்கள் கூட்டத்திலும் எழுந்து நின்று, என் மகள் வேண்டுமென்றுதான் பழையது கேட்கிறாள், வசதியாகத்தான் இருக்கிறாள், மறைத்தது நான் என்று சொன்னேன். ஜோலீன் சிரித்தாள். சிரிக்கட்டும்.

ஒரே ஒரு வரியை மட்டும் நான் திறக்கவில்லை. பட்டியலின் அடியில் எழுதியிருந்தாயே, பிள்ளை பிறந்த முதல் இரண்டு வாரம் வீட்டோடு இருந்து சமைத்து, துவைத்து, தாய் தூங்கும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள், கூலிக்கு அமர்த்த எல்லோரும் சேர்ந்து கொடுங்கள் என்று. பெற்றவள் உயிரோடு இருக்கும்போது ஊரிடம் ஆள் கேட்டாயே கிர்ஸ்டன். பழையது கேட்டதைவிட இதுதான் எனக்கு வலித்தது. அந்த வரியில் வாங்கியாகிவிட்டது என்று என் பெயரைப் போட்டிருக்கிறேன். ரயிலில்தான் வருகிறேன், இரண்டு இடத்தில் மாறி உட்கார்ந்தே வருகிறேன், உன் பூமி குளிர்ச்சியாக இருக்கட்டும். பழையதே போதும் என்றாய் அல்லவா, நான் அறுபத்து மூன்று வருடம் புழங்கியது, கறையும் உண்டு.

உனக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும், பிள்ளை அலறிக்கொண்டு வந்து பிறக்கட்டும், கர்த்தர் உங்கள் மூவரையும் காப்பாராக. இருக்கையைப் பொருத்த மறந்துவிடாதே. இன்னொன்று. ஆறு வாரம் என்று நீ சொன்னது நிஜமாகத்தான் என்றால் என் பெயர் போட்ட அந்த வரியை நீயே திறந்துவிடு. ஃபோன் செய்து சொல்ல வேண்டாம், என்னால் கேட்க முடியாது. தினமும் காலையில் பார்க்கிறேன், திறந்திருந்தால் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். இன்று காலைவரை மூடித்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உன்மேல் இன்னும் கோபமாக இருக்கும்
அம்மா