கேட்காமல் எரித்தது

ஜனவரி 9

மிக்ஸி ஓடிவிட்டது. ஓடாது என்று சொன்னவன் கடையிலேயே கொண்டுபோய் வைத்து ஓட்டிக் காட்ட வேண்டும்போல் இருக்கிறது.

நேற்று அரிசி ஆலையில் வேலை முடிந்து உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் கொடுத்தேன். கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. "இந்த மாடலுக்கு ஸ்பேர் வர்றதில்லமா. எக்ஸ்சேஞ்சுல புதுசு எடுத்துக்கோ" என்றான். மோட்டார் நன்றாக இருக்கிறது, ஜார் நன்றாக இருக்கிறது. ஜாரைச் சுற்றவைக்கும் ஒரு ரப்பர் துண்டு தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான். அதற்கு மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டுமாம். பல் விழுந்தால் ஆளையே தூக்கிப் போட்டுவிடுவானா இவன்?

வீட்டுக்கு வந்து என் சாக்கைக் கொட்டினேன். பிடி, மூடி, வாஷர், ஜிப்பு, கீல், குக்கர் விசில் என்று எதெது எப்போது உதவும் என்று எடுத்து வைத்த சாக்கு. பழைய மிக்ஸியில் கழற்றிய துண்டு அதில் இருந்தது. பொருந்தியது.

வாயால் சொல்லாத பெயரை இங்கேயாவது எழுதிக்கொள்கிறேன்: கன்னியப்பன். என் வீட்டுக்காரர். கழனியிலிருந்து வந்தவர் சட்னி அரைபடும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். "இன்னா கீதா, செத்துப் போச்சின்னியே?"

"பொழைக்க வச்சிட்டேன்."

ஜனவரி 12

நாற்காலி முக்கால்வாசி முடிந்தது. மாட்டுக் கொட்டகையில் கிடந்த வெறும் மரச்சட்டம் அது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஆட்டம் கண்ட காலுக்கு ஆப்பு வைத்து, மிச்சம் மீதி நாடாக்களைக் கொண்டு பின்னுகிறேன். பாதி பச்சை, பாதி நீலம். முதுகுப் பக்கம் இன்னும் நான்கு வரிசை போட்டால் உட்காரலாம். இரண்டு மாத ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின.

காவாந்தண்டலத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல். நாளைக்குப் போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வர வேண்டும். நாளைக்கே சுலோச்சனா அண்ணியும் பொங்கலுக்கு வருகிறார். கன்னியப்பனின் அக்கா. உத்திரமேரூரிலேயே இருந்தாலும் பொங்கலை ஒருமுறைகூடத் தம்பி வீட்டில் தவறவிட்டதில்லை. சோறு குழம்பெல்லாம் செய்து வைத்துவிட்டுப் போக வேண்டும்.

ஜனவரி 14

எரித்துவிட்டாள்.

முதல் பஸ்ஸைப் பிடித்து விடிந்தும் விடியாமலும் வந்து இறங்குகிறேன். தெருவெல்லாம் போகிப் புகை. எங்கள் வாசலில்தான் பெரிய நெருப்பு, முன்னால் சுலோச்சனா. அதற்குள் ஒரு நாற்காலிக் கால் தெரிகிறது. நான் வைத்த ஆப்பு. நாடா உருகிக் கருப்பாகச் சொட்டுகிறது. பக்கத்தில் என் சாக்கு, பாதி வெந்து.

"யாரக் கேட்டு எரிச்சீங்க?" என்றேன்.

"வூடு பூரா குப்பையா கீது. போகியாச்சேன்னு எடுத்துப் போட்டேன். உனக்கு ஒரு வேல கொறஞ்சிது."

"அது குப்ப இல்ல."

"எங்க அம்மா வூட்டுல ஒடஞ்ச நாற்காலிய எரிக்க நான் யாரக் கேக்கணும்?"

எங்க அம்மா வூடு! இருபத்திரண்டு வருஷமாகக் கூட்டுவதும் மெழுகுவதும் ஓடு மாற்றுவதும் நான். வீடு மட்டும் அவங்க அம்மாவோடது. நான் யார்? வாடகைக்கு இருக்கிறேனா?

கன்னியப்பன் வாயில் பிரஷ்ஷோடு நின்றார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். துப்பிவிட்டு வந்து சொன்னது இதுதான்: "வுடு கீதா. பண்டிகையும் அதுவுமா."

அவள் என்றே எழுதுகிறேன். மரியாதையும் அந்த நெருப்பிலேயே போயிற்று.

ஜனவரி 15

பொங்கல் பொங்கியது. நான் பேசவில்லை.

ஜனவரி 17

போய்விட்டாள். போகும்போது கொல்லையில் வாழைக்காய், அவரைக்காய் எல்லாம் பறித்துப் பை நிறையக் கட்டிக்கொண்டுதான் போனாள். அதற்கும் யாரையும் கேட்கவில்லை.

பிப்ரவரி 3

ராத்திரிச் சாப்பாட்டின்போது கன்னியப்பன் மெதுவாக ஆரம்பித்தார். "நீ ஒரு போன் பண்ணேன். அக்கா வருத்தப்படுது."

எதுக்கு வருத்தம்? எரிக்க வேற எதுவும் கிடைக்கலன்னா?

"ஒரு நாற்காலிக்குப் போயி ஏன் இவ்ளோ பேஜாரு? வேற வாங்கித் தரேன்."

அதுதானே புரியவில்லை இவருக்கு. வாங்க முடியாமலா பின்னினேன்? நன்றாக இருக்கும் பொருளைக் குப்பை என்று சொன்னால் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. அது என் சுபாவம். தெருவில் என்னைக் கஞ்சப் பிசினாரி என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். ஆனால் என் கைவேலையை எரித்துவிட்டு அவள் வருத்தப்படுகிறாளாம், நான் சமாதானம் செய்ய வேண்டுமாம்!

தட்டை நங்கென்று வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

பிப்ரவரி 24

இன்று ஆலைக்கு மோகன் அண்ணா வந்தார். சுலோச்சனாவின் வீட்டுக்காரர். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயரானவர், அதிர்ந்து பேசாத மனுஷன். நான் பில் போடும் மேஜை முன்னால் வந்து நின்றுகொண்டு, லாரிக்காரர்கள் போகும்வரை காத்திருந்தார்.

அவர்கள் மகள் கீர்த்தி ஓசூரில் இருக்கிறாள், தலைப்பிரசவம். பங்குனியில் வளைகாப்பு போட்டு அம்மா வீட்டுக்கு அழைத்து வர வேண்டியது முறை. "ஆனா உங்க அண்ணி வேணாங்கறாம்மா. அங்கயே நல்ல ஆஸ்பத்திரி கீது, அங்கயே பாத்துக்கோன்னு பொண்ணாண்ட சொல்லிட்டா. கீர்த்தி போன்ல அழுவுது. அம்மாவுக்கு நான் பாரமான்னு கேக்குது."

"ஏன் வேணாங்கறாங்க?"

தலையைக் குனிந்துகொண்டார். "ரூம் இல்லம்மா."

மூன்று பேர் வாழ்ந்த வீட்டில் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். ரூம் இல்லையா?

"நீ வந்து பாரேன். வெளிய யாரையும் கூப்ட முடியாது. நீன்னா எதை எப்டி பண்ணணும்னு தெரியும்."

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கீர்த்தி சின்ன வயதில் பள்ளி விடுமுறைக்கெல்லாம் என்னிடம்தான் இருப்பாள். ஞாயிறு வருகிறேன் என்றேன்.

மார்ச் 1

போய்வந்தேன்.

அந்த வீட்டில் இதுவரை முன்னறையைத் தாண்டி என்னை உள்ளே விட்டதே இல்லை. காபி கொடுத்து அங்கேயே உட்கார வைத்து அனுப்பிவிடுவாள். ஏன் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. கீர்த்தியின் அறைக் கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. உள்ளே கட்டிலைக் காணோம். பிரிக்காத பார்சல்கள். அட்டைப்பெட்டியோடு குக்கர்கள், பிளாஸ்டிக் டப்பாக்கள், விலைச்சீட்டு கிழிக்காத புடவைகள், உறையோடு போர்வைகள், மிதியடிகள். ஜன்னலை மூடி, விட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும். எலி நாற்றம்.

என்னோட ஒரே ஒரு சாக்க எரிச்சாளே இவ! குப்பைன்னாளே!

வாய்விட்டே கேட்டுவிட்டேன். "இது இன்னாது அண்ணி?"

"எல்லாம் புதுசு" என்றாள். அவ்வளவுதான். புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு கதவுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றாள்.

மோகன் அண்ணா மீதும் ஆத்திரம் வந்தது. "இத்தினி வருஷம் நீங்க இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க அண்ணா?" என்றேன். மோட்டார் போட வேண்டும் என்று கொல்லைப்பக்கம் நழுவிவிட்டார். திட்டக்கூட ஆள் கிடைக்காத வீடு.

மார்ச் 2

போக மாட்டேன் என்று கன்னியப்பனிடம் சொல்லிவிட்டேன்.

மார்ச் 3

காலையில் கீர்த்தி போன் செய்தாள். வேறு என்னென்னவோ பேசினாள். கடைசியில், "அத்த, நான் உன் வூட்டுக்கு வரட்டா?" என்றாள். அம்மா உயிரோடு இருக்கும்போது ஒரு பெண் கேட்கிற கேள்வியா இது?

போகிறேன்.

மார்ச் 8

மதியம் முழுக்க வேலை. கதவு மட்டும்தான் முழுசாகத் திறக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சண்டை.

"இந்த டப்பா வேணுமா?"

"வேணும்."

"எதுக்கு?"

"புதுசு."

"உள்ள போட ஒண்ணும் இல்லியே அண்ணி."

"புதுசு கீதா!"

ஒரு புடவையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஊதாவில் ஜரிகை போட்டது, பிரித்ததே இல்லை. எடுத்து வைக்கவா என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னாள், என் முகத்தைப் பார்க்காமல்.

"பள்ளிக்கூடத்துல எனக்கு ஒட்டுன்னு பேரு. எங்க அம்மா பாவாடையில வேற கலரு துணியில ஒட்டுப் போட்டு அனுப்பும். பச்சைப் பாவாடையில நீலத்துல. பசங்க சிரிப்பாங்க. ஒரு நாள் வாத்தியாரும் சிரிச்சாரு. அன்னிக்கி வூட்டுக்கு வர்ற வழியில நெனச்சிக்கினேன், நாள பின்ன எம் பொண்ணுக்கு எல்லாம் புதுசாதான் இருக்கணும்னு."

ஜரிகையைத் தடவிக்கொண்டே தொடர்ந்தாள்.

"அந்த நாற்காலி பச்சையும் நீலமுமா அங்கயே எங்க அம்மா வூட்டுலயே கெடந்துதா. பாத்ததும் வவுறு எரிஞ்சிது. அப்பால இன்னா பண்ணேன்னு எனக்கே தெரியல."

பாவமாக இருந்தது. இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கோபமும் போகவில்லை. இதை அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லியிருந்தால் நாற்காலியைத் தூக்கிக் கொட்டகையில் வைத்திருப்பேனே! அவளுக்கு எரிந்தது, சரி. எனக்கு எரியாதா?

மார்ச் 15

இன்று நான் செய்தது சரியா என்று தெரியவில்லை. செய்துவிட்டேன்.

சுலோச்சனா சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். நான் போகும்போது வாசலில் ஒரு குட்டியானை வண்டி. மோகன் அண்ணா ஏற்பாடு. "அவ வர்றதுக்குள்ள எல்லாத்தையும் ஏத்தி அனுப்பிடலாம்மா. இருந்தா ஒண்ணயும் வுட மாட்டா. போனப்பறம் கொஞ்ச நாள் கத்துவா, அவ்ளோதான்."

டிரைவர் கதவைத் திறந்து வைத்துவிட்டு நிற்கிறான். கன்னியப்பனும் வந்திருந்தார், ஒரு பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துவிட்டார். அரை மணி நேரத்தில் அறை காலியாகியிருக்கும். கீர்த்தி வந்துவிடலாம்.

மனசு ஒரு நிமிஷம் இனித்தது, பொய் சொல்ல மாட்டேன். திரும்பி வந்து கதவைத் திறந்து பார்த்து அவள் அலற வேண்டும். நான் வாசலில் நின்று, "வூடு பூரா குப்பையா கீது" என்று சொல்ல வேண்டும்.

என்ன ஆயிற்றோ, சத்தம் போட்டேன். "எறக்கி வைங்க! கேக்காம ஒரு பொட்டலம் கூட இந்த வூட்ட வுட்டுப் போவக் கூடாது."

"கீதா, உனக்கு இன்னா பைத்தியமா?" என்றார் கன்னியப்பன். "அக்கா உன்னக் கேட்டா எரிச்சிது?"

"கேக்கல. அதனாலதான் சொல்றேன்."

வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். மோகன் அண்ணா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சுலோச்சனா ஆட்டோவில் வந்து இறங்கியபோது வண்டி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. அவளுக்குப் புரியாமல் இருக்குமா? நேராக உள்ளே ஓடினாள். பெட்டிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். வெளியே வந்தாள்.

"நீதான் நிறுத்தினியா?"

"ஆமா. இப்ப கேக்கறேன், பதில் சொல்லுங்க. ரூம்பு பெட்டிங்களுக்கா, கீர்த்திக்கா?"

நடுவீட்டில் உட்கார்ந்து அழுதாள். நானும் கோபத்திலேயே அழுதேன். அந்த இரண்டு ஆண்பிள்ளைகளும் தெருவுக்குப் போய்விட்டார்கள்.

மார்ச் 16

ஆலைக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். எனக்கு முன்னால் எழுந்து அவளே பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 22

குக்கர்களில் மூன்று அங்கன்வாடிக்கு. போர்வைகளை ஆலையில் மூட்டை தூக்கும் பெண்களுக்கு அவள் கையாலேயே கொடுத்தாள். என் கையால் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எலி கடித்த புடவைகளை எரிக்கலாம் என்றாள். எரிக்கும் பேச்சே எடுக்காதீர்கள் என்று கத்தினேன். கடிபடாத பக்கத்தை வெட்டித் தலையணை உறை தைக்கலாம் என்றதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் கத்தரிக்கோலை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

அடியில் கட்டில் இருந்தது. ஒரு கால் பிளந்திருக்கிறது. இரும்புப் பட்டி வைத்து முடுக்கினால் நிற்கும். அதை மட்டும் யாரையும் கேட்காமல் நானே சரிசெய்தேன். அதற்கு அவள் சண்டை போடவில்லை.

ஏப்ரல் 5

வளைகாப்பு முடிந்து கீர்த்தி வந்துவிட்டாள். தாய்மாமன் என்று கன்னியப்பனுக்கு ஒரே பெருமை. அந்தக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு ஜன்னலைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தாள். "அம்மா, இங்கேர்ந்து ரோடு தெரியுதுமா!" என்றாள். தெரியாமல் என்ன.

மே 11

அண்ணி வீட்டில் பெட்டிகள் அடைத்த இன்னொரு அறை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. கேட்டால், "பாப்போம்" என்கிறார். ஒரே நாளில் எல்லாம் மாறிவிடுமா? எனக்கு மட்டும் மாறிவிட்டதா? பஸ் ஸ்டாண்டு கடைக்காரனைப் பார்த்தால் இன்னமும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஜூன் 14

பெண் குழந்தை. இரண்டு பேரும் சுகம்.

ஜூலை 19

ஞாயிறு. துணி துவைத்துக்கொண்டிருந்தேன். வேலிப் படல் பக்கம் யாரோ நிற்பதுபோல் இருந்தது. பார்த்தால் அண்ணி. உள்ளே வராமல் வெளியிலேயே நிற்கிறார், கையில் ஒரு துணிப்பை.

"இன்னா அண்ணி, வெயில்ல நின்னுக்கினு? குழந்த நல்லா கீதா?"

"நல்லா கீது. கீர்த்திக்குப் பாலு பத்தல. கொல்லையில கொஞ்சம் முருங்கக்கீர ஒடிச்சிக்கட்டாம்மா?"

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. சோப்புக் கையோடு எழுந்துவிட்டேன். "இதப் போயி கேப்பாங்களா? உங்க அம்மா வச்ச மரம் அது! கேக்கறாங்களாம் கேக்கறாங்க!"

அண்ணி நகரவில்லை. பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"எடுத்துக்கோன்னு சொல்லு."

சொன்னேன்.

அதற்கப்புறம்தான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.